மாற்றம் எனும் ஒற்றைச் சொல்: சேலத்துச் சொல்லாய்வு மரபும் நம் பெயர்ப்புப் பணியும்

இன்றைய தமிழ் உரைநடையில் அளவுக்கு மீறி உழைக்கும் சொற்களுள் ஒன்று 'மாற்றம்'. ஆட்சி வேறு கைக்குப் போனால் மாற்றம். அலுவலர் ஊர் விட்டு ஊர் பெயர்ந்தால் மாற்றம். பருவமழை தவறினால் மாற்றம். ஒருவர் தாம் பிறந்த சமயத்தை விடுத்து வேறொன்றை ஏற்றால் அதுவும் மாற்றம். திருக்குர்ஆனின் தமிழ்ப் பெயர்ப்புகளைப் பயில்வோரும், அரபு மூலத்தில் வெவ்வேறு வேர்களிலிருந்து கிளைத்த பல சொற்கள் தமிழுக்கு வரும்போது இந்த ஒரே சொல்லுக்குள் ஒடுங்கிவிடுவதைப் பல இடங்களில் காணலாம். சொல் ஒன்று, பொருள் பல என்பது செய்யுளுக்கு அணியாகலாம். சட்டத்திலும் வரலாற்றிலும் மறைநூற் பெயர்ப்பிலும் அது பொருளை மறைக்கும் திரையாகிவிடுகிறது. இக்குறையை அளந்தறிய வெளியூர் அளவுகோல் எதுவும் வேண்டியதில்லை. சேலம், நாமக்கல் சமவெளியின் சொல்வழக்கும், அங்கே கடந்த நூற்றாண்டில் நிகழ்ந்த சொல்லாய்வு முயற்சிகளுமே போதும்.

சேலத்தின் இரு முயற்சிகள்

1916ஆம் ஆண்டு, அப்போது சேலத்தில் வழக்கறிஞராக இருந்த இராஜாஜியும் அவருடைய நண்பர் வேங்கடசுப்பையரும் முன்னின்று 'தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம்' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். அறிவியற் கல்வி தமிழில் நடைபெற வேண்டுமானால் முதலில் கலைச்சொற்கள் வேண்டும் என்பது அவர்கள் கருத்து. பாரதியார் இம்முயற்சியைக் கவனித்து எழுதினார். சங்கத்தின் பெயரே அதன் போக்கையும் காட்டிவிடுகிறது: 'சாஸ்திரம்', 'பரிபாஷை' என்னும் வடசொற்கள் அவர்களுக்கு அயலாகத் தோன்றவில்லை. பிற்காலத்தில் இராஜாஜி பொதுமக்களுக்காக வேதியியல் பற்றி எழுதிய நூலுக்கு இட்ட பெயரும் 'திண்ணை ரசாயனம்' என்பதே. வழக்கில் இருக்கும் சொல் எம்மொழியினதாயினும் ஏற்கலாம், பொருள் விளங்குவதே முதன்மை என்பது அந்நெறி.

இதற்கு நேர்மாறான நெறியும் அதே ஊரில்தான் வளர்ந்தது. தேவநேயப் பாவாணர் 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். அவருடைய 'சொல்லாராய்ச்சிக் கட்டுரைகள்' 1949இல், அவர் சேலத்தில் இருந்த காலத்தில் வெளிவந்தது. பாவலரேறு பெருஞ்சித்திரனார் அங்கு அவரிடம் பயின்றவர். 1974இல் தமிழக அரசு தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு இயக்குநராக அமர்ந்து, 1981இல் மறையும் வரை பாவாணர் அப்பணியிலேயே இருந்தார். ஒவ்வொரு சொல்லையும் அதன் வேர் வரை தோண்டிச் சென்று, அருகருகே நிற்கும் சொற்களுக்கிடையே உள்ள நுண்ணிய வேறுபாட்டை நிலைநாட்டுவது அவர் நெறி.

இவ்விரு நெறிகளும் மொழித்தூய்மை பற்றிய பூசலாகவே இதுகாறும் பேசப்பட்டு வந்துள்ளன. அப்பூசலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே வினாவுக்கு விடை தேடியவை என்பது புலப்படும்: ஒன்றுபோல் தோன்றும் சொற்களுள் இந்த இடத்துக்கு உரியது எது?

மாங்காயும் பாலும்

பாவாணர் தமிழின் சொல்வளத்தை எடுத்துக்காட்ட விரும்பியபோது நிலைத்திணையின் பருவங்களைக் குறிக்கும் சொற்களையே அடுக்கினார். அரும்பு, போது, மலர், வீ, செம்மல் என்பவை பூ ஒன்றே கடந்து செல்லும் நிலைகள். மாவின் பிஞ்சு வடு. பலாவின் பிஞ்சு மூசு. எள்ளின் பிஞ்சு கவ்வை. வாழையின் பிஞ்சு கச்சல். கெட்டுப்போன காய்கனிக்கும் அவ்வாறே: சூட்டினால் பருவத்துக்கு முன் பழுத்தது வெம்பல், குளுகுளுத்துப் போனது அளியல், நுனி சுருங்கியது சூம்பல். இவற்றுள் எதுவும் 'மாற்றம்' என்று சொல்லப்படுவதில்லை. ஆயினும் இவை அனைத்தும் மாற்றத்தின் பெயர்களே.

மாம்பழத்துக்குப் பேர்போன சேலத்துச் சந்தையில் இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. விலையையே முடிவு செய்வது. மரத்திலேயே 'பழுத்தது' வேறு, கல் வைத்துப் 'பழுக்க வைத்தது' வேறு, 'வெம்பியது' வேறு. மூன்றிலும் பச்சை நிறம் மஞ்சளாகியிருக்கும். காய் மஞ்சளாக 'மாறியிருக்கிறது' என்று மட்டும் சொல்லும் வணிகர் பொய் சொல்லவில்லை. ஆனால் வாங்குவோர் அறிய வேண்டியதை மறைத்துவிட்டார். பாலும் அப்படியே. உறை ஊற்றிய பால் 'உறைகிறது' அல்லது 'தோய்கிறது'. கவனியாது விட்ட பால் 'திரிகிறது'. முன்னது தயிர், பின்னது கொட்டுவதற்குரியது. இரண்டையும் 'பால் மாறிவிட்டது' என்றால் அடுப்படியில் எவருக்கும் பயனில்லை.

எழுத்தறியாதோரும் தவறாது கையாளும் இந்த வேறுபாடுகளைப் படித்தோர் எழுத்து ஏன் கைவிட்டது என்பதே நம் முன் நிற்கும் கேள்வி.

ஒருபொருட் பன்மொழி உண்டா?

அரபு மொழியறிஞர் நடுவே இது பழைய வழக்கு. ஒரே பொருளுக்குப் பல சொற்கள் உண்டு என்பதை ('தராதுஃப்') சிலர் ஏற்றனர். ஸஅலப், இப்னு ஃபாரிஸ் போன்றோர் மறுத்தனர். ஹலப் நகரில் ஸைஃபுத் தவ்லாவின் அவையில் நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி நம்மில் பலரும் கேட்டதுதான். வாளுக்கு ஐம்பது பெயர் அறிவேன் என்று இப்னு காலவைஹி பெருமை பாராட்ட, எனக்குத் தெரிந்தது ஒரே பெயர்தான், ஏனையவை அடைமொழிகள் என்றாராம் அபூ அலீ அல்-ஃபாரிஸீ. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டினரான அபூ ஹிலால் அல்-அஸ்கரீ, ஒத்த பொருளுடையன எனக் கருதப்படும் சொற்களுக்கிடையே உள்ள வேறுபாடுகளை மட்டுமே ஆராய்ந்து 'அல்-ஃபுரூக் அல்-லுகவிய்யா' என்னும் தனி நூல் செய்தார். திருக்குர்ஆனின் சொற்களுக்கு 'முஃப்ரதாத்' எழுதிய இமாம் ராகிப் அல்-இஸ்ஃபஹானீயும் இவ்வழியினரே.

தமிழில் திவாகரம் முதலிய நிகண்டுகள் ஒருபொருட் பன்மொழிகளைத் தொகுத்தன. தொகுப்பு செய்யுள் இயற்றுவோர்க்கு உதவியது. வேறுபாட்டை விளக்கும் வேலை பெரும்பாலும் உரையாசிரியர்களுக்கு விடப்பட்டது. அவ்வகையில் பாவாணர் சேலத்தில் இருந்து செய்தது, அஸ்கரீயின் வேலைக்கு நிகரான ஒன்று என்று சொல்வது மிகையாகாது.

ஆயினும் வேர் காட்டும் பொருளே இன்றைய பொருள் என்று கொள்வது இடறலில் முடியும். 'மாற்றம்' என்பதற்குப் பழைய இலக்கியத்தில் சொல், மறுமொழி என்பன பொருள். பொன்னின் தரத்தைக் குறிக்கும் 'மாற்று', பகைவனைக் குறிக்கும் 'மாற்றான்', உதவிக்குப் பதிலைக் குறிக்கும் 'கைம்மாறு', 'பண்டமாற்று' ஆகிய அனைத்திலும் ஒன்றுக்கு எதிரே இன்னொன்று நிற்கும் கருத்து தொடர்ந்து வருகிறது. இன்று 'மாற்றம்' என்று எழுதுவோர் இதனை நினைப்பதில்லை. நினைக்க வேண்டும் என்று வற்புறுத்தவும் இயலாது. வேர் நமக்கு வழி காட்டும். தீர்ப்பை வழக்கிடமே விட வேண்டும். இந்த அளவில் இராஜாஜியின் நெறிக்கும் இடமுண்டு.

மூன்று வினாக்கள்

மாற்றத்தைக் குறிக்கும் சொல்லைத் தேர்வதற்கு மூன்று வினாக்கள் போதும் என்று தோன்றுகிறது. முதலாவது: அது தானே நிகழ்ந்ததா, ஒருவர் நிகழ்த்தியதா? இரண்டாவது: பழைய பொருள் எஞ்சி அதன் நிலை மட்டும் வேறாயிற்றா, அல்லது அது நீங்கி அதனிடத்தில் வேறொன்று வந்ததா? மூன்றாவது: அது நன்மை நோக்கியதா, கேடு நோக்கியதா, இரண்டுக்கும் பொதுவானதா?

முதல் வினாவுக்குத் தமிழ் தன் வினைச்சொற்களிலேயே விடை வைத்திருக்கிறது. மாறு–மாற்று, திரும்பு–திருப்பு, திருந்து–திருத்து, உருகு–உருக்கு, புரள்–புரட்டு: தன்வினை மெல்ல நிற்கும், பிறவினை வல்லொற்றுப் பெறும். சேலம் உருக்காலையின் பெயரிலுள்ள 'உருக்கு' பிறவினையடியாகப் பிறந்த பெயர். இரும்பு தானாக எஃகு ஆவதில்லை அன்றோ? அரபிலும் இதே இணை உண்டு: 'கய்யர' (வேறாக்கினான்) – 'தகய்யர' (வேறாயிற்று), 'பத்தல' – 'தபத்தல', 'ஹவ்வல' – 'தஹவ்வல'. ஆனால் வினை, பெயராகும்போது தமிழில் ஓர் இடர் நேர்கிறது. ஏறு, ஏற்று இரண்டுக்கும் 'ஏற்றம்' பொதுவாவதுபோல், மாறு, மாற்று இரண்டுக்கும் 'மாற்றம்' பொதுவாகிவிடுகிறது. செய்தவர் யார் என்னும் வினாவை அச்சொல் விழுங்கிவிடுகிறது. 'மாறுதல்' என்றோ 'மாற்றுதல்' என்றோ எழுதினால் அவ்வினா மீண்டும் உயிர்பெறும்.

இரண்டாவது வினாவுக்கு இலக்கணம் துணை நிற்கும். நன்னூல் புணர்ச்சி விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாகப் பகுத்தது. புதிதாக ஒன்று வந்ததும், இருந்தது வேறானதும், இருந்தது மறைந்ததும் மூன்று வெவ்வேறு நிகழ்ச்சிகள் என்று எழுத்தளவிலேயே நம் முன்னோர் வரையறுத்துவிட்டனர்.

அறிவியற் சொல்லாக்கத்தில் இதன் பயனைக் காணலாம். உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக வேறுபட்டு வருவதைத் தமிழகப் பாடநூல்கள் 'பரிணாமம்' என்றன. இலங்கைப் பாடநூல்கள் 'கூர்ப்பு' என்றன. மரபணுவில் நேரும் வேறுபாட்டை இங்கு 'சடுதிமாற்றம்' என்பர். அங்கு 'விகாரம்' என்பர். 'சடுதிமாற்றம்' விரைவைச் சொல்கிறது. 'விகாரம்' இயல்பிலிருந்து விலகியதைச் சொல்கிறது. எனினும் பொதுவழக்கில் 'விகாரம்' அருவருப்பையும் உடன் கொண்டுவரும். அவ்வேறுபாடோ தீங்கில்லாததாகவும் இருக்கக்கூடும். மூன்றாவது வினாவைப் புறக்கணித்தால் நேர்வது இதுவே.

மறைநூற் சொற்கள்

'தப்தீல்' ஒன்றை நீக்கி அதனிடத்தில் மற்றொன்றை வைப்பது. 'பதல்' என்னும் சொல்லை நாமும் 'பதில்', 'பதிலி' எனப் புழங்குகிறோம். 'தஹ்வீல்' ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் திருப்புவது. கிப்லா பைத்துல் மக்திஸிலிருந்து கஅபாவை நோக்கித் திரும்பியதை வரலாற்றாசிரியர் 'தஹ்வீலுல் கிப்லா' என்பது இதனால்தான். 'தஹ்ரீஃப்' சொல்லை அதன் இடத்திலிருந்து ஒதுக்கிப் பிறழ வைப்பது. 'தக்யீர்' இருந்த நிலைக்கு வேறான நிலையை உண்டாக்குவது. இவ்வெல்லைகள் இரும்பு வேலிகள் அல்ல. இமாம் ராகிப் அவர்களே 'தப்தீல்' சிலபோது பதிலி இல்லாத வெறும் வேறுபாட்டையும் குறிக்கும் என்றும், 'தக்யீர்' சிலபோது ஒன்றை விட்டு மற்றொன்றைக் கொள்வதையும் குறிக்கும் என்றும் காட்டுகிறார். ஆயினும் சொற்கள் அருகருகே வரும்போது வேறுபாடு விழித்துக்கொள்கிறது.

35:43ஆம் வசனம் இதற்குத் தக்க சான்று. இறைவனின் நடைமுறையில் 'தப்தீல்' இல்லை, 'தஹ்வீல்' இல்லை என இரு மறுப்புகள் அடுத்தடுத்து அங்கு வருகின்றன. இவற்றுக்கு 'மாற்றம்', 'மாறுதல்' என்று ஒரே வேரின் இரு வடிவங்களை இட்டு நிரப்பினால், கூறியது கூறல் என்றே தமிழ் வாசகர் கொள்வார். முதலதற்கு 'மாற்று' என்றும் இரண்டாவதற்குத் 'திருப்பம்' அல்லது 'திருப்புதல்' என்றும் கொண்டால் இரு கதவுகள் அடைபடுவது தெரியும்: அந்நடைமுறைக்குப் பதிலாக வேறொன்று வராது, அது உரியவரை விட்டு வேறு எவர்மேலும் திரும்பாது.

'தஹ்ரீஃப்' என்பதற்குத் தமிழில் ஆயத்தமாகவே ஒரு சொல் உண்டு. பால் திரிவதையும், கயிறு திரிப்பதையும், பேச்சைத் திரிப்பதையும் ஒரே வேரால் சொல்லும் மொழி இது. 'வேதத்தை மாற்றினர்' என்பதைவிட 'வேதத்தைத் திரித்தனர்' என்பது நெருக்கமானது. ஏனெனில் எழுத்தை அழித்து வேறெழுத்து எழுதியது மட்டுமன்றி, எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு பொருளை முறுக்கியதும் 'தஹ்ரீஃப்' ஆகும் என்பது விரிவுரையாளர் பலர் கருத்து. 'மாற்றுதல்' முன்னதை மட்டும் காட்டும். 'திரித்தல்' இரண்டையும் தாங்கும்.

இதற்கு மாறாக, பொதுச்சொல்லே பொருந்தும் இடமும் உண்டு. நம் மேடைகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் 13:11ஆம் வசனத்தில் வருவது 'தக்யீர்'. ஒரு சமூகம் தன்னுள் இருப்பதை வேறாக்கிக்கொள்ளாத வரை இறைவன் அதன் நிலையை வேறாக்குவதில்லை என்பது அதன் கருத்து. பேச்சாளர் பலர் இங்கே 'திருத்திக்கொள்ளாத வரை', 'முன்னேற முயலாத வரை' எனச் சொல்லி ஊக்கமூட்டுகின்றனர். ஆனால் இதே தொடர் வரும் 8:53ஆம் வசனம் அருளப்பட்ட பேறு பறிபோவதைப் பற்றியது. அங்கே 'திருத்தம்' என்னும் சொல் நுழையவே முடியாது. 'தக்யீர்' இருதிசைக்கும் திறந்த சொல். அதன் எச்சரிக்கையும் அதன் நம்பிக்கையும் அந்தத் திறப்பில்தான் இருக்கின்றன. ஆகவே இங்கே 'மாற்றிக்கொள்ளுதல்' என்னும் பொதுச்சொல்லே சரியானது. சிறப்புச் சொல்லைத் தேடுவது எங்கே வேண்டும், எங்கே வேண்டா என்று அறிவதும் சொற்றேர்வின் பகுதியே.

'தவ்பா' என்பதைப் 'பாவமன்னிப்பு' என்று வழங்கி வருகிறோம். மன்னிப்பு இறைவன் செய்வது. 'தவ்பா'வின் வேர்ப்பொருள் திரும்புதல், அது அடியான் செய்வது. விளைவின் பெயரைச் செயலுக்கு இட்டதால், கேட்டால் கிடைப்பது என்னும் எண்ணம் தங்கி, வந்த வழியே மீள வேண்டும் என்னும் எண்ணம் மங்கிவிட்டது. 'மீளுதல்' என்னும் எளிய தமிழ்ச்சொல் அக்கடமையை நினைவூட்டும்.

சமவெளியின் வரலாற்றில்

வரலாறு எழுதுவோரும் இந்த மூன்று வினாக்களைக் கேட்டாக வேண்டும். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்த பாராமகாலும் சேலம் பகுதியும் கும்பினியிடம் சென்றன. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் அங்கே நிலவரித் தீர்வை வேலையைத் தொடங்கினர். இந்நிகழ்ச்சியை 'ஆட்சி மாற்றம்' என்று ஒருவர் எழுதுகிறார். 'கைமாறியது' என்கிறார் இன்னொருவர். 'விட்டுக்கொடுக்கப்பட்டது' என்பது உடன்படிக்கையின் மொழி. 'பறிக்கப்பட்டது' என்பது தோற்றவர் மொழி. முதலிரண்டிலும் செய்தவர் இல்லை. போர் முடிவில் நிர்ப்பந்தத்தால் கையெழுத்தான உடன்படிக்கைக்குச் செய்தவர் இல்லாத சொல் பொருந்தாது.

1944 ஆகஸ்டு 27இல் சேலம் மாநாட்டில், நீதிக்கட்சி என்று அறியப்பட்ட தென்னிந்திய நல உரிமைச் சங்கம் திராவிடர் கழகம் ஆயிற்று. இதனைப் 'பெயர் மாற்றம்' என்று குறிப்பிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். ஆனால் அரசு அளித்த பட்டங்களைத் துறக்க வேண்டும் என்ற தீர்மானமும் அங்கேயே நிறைவேறியது. பதவியையும் தேர்தலையும் மையமாகக் கொண்டிருந்த கட்சி சமூக இயக்கமாயிற்று. இயல்பே வேறானதைப் பெயரளவில் சொல்வது குறைக்கூற்று. 'உருமாறியது' என்பதே பொருந்தும்.

1997 சனவரி 1 முதல் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. சேலத்திலிருந்து அது 'பிரிக்கப்பட்டது' என்கிறோம்; எவரும் 'பிரிவினை' என்று சொல்வதில்லை. பாகப்பிரிவினையின் கசப்பும் 1947இன் குருதியும் படிந்த சொல் அது. நிர்வாக வசதிக்காக எல்லை வகுத்ததற்கு அது உதவாது என்று மக்கள் நாவே முடிவு செய்துவிட்டது. இந்த நாவின் நுண்ணறிவைத்தான் எழுத்து கடன் வாங்க வேண்டும்.

சட்டத்தின் சொல்

சொற்றேர்வு புலவர் பொழுதுபோக்கு அன்று என்பதற்கு 'மதமாற்றம்' என்னும் சொல்லே சான்று. 1981இல் நெல்லை மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் தாழ்த்தப்பட்டோர் நூற்றுக்கணக்கில் இஸ்லாத்தைத் தழுவினர். அச்செய்தி நாடெங்கும் 'மதமாற்றம்' என்னும் சொல்லிலேயே பரவியது. 2002இல் தமிழகத்தில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. 2004இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்த ஆண்டுகளின் விவாதம் முழுவதையும் தாங்கி நின்ற சொல்லில், மேலே கூறியபடி, மாறியவரும் மாற்றியவரும் பிரித்தறிய முடியாதபடி கலந்து கிடக்கின்றனர். 'மாற்றம்' என்றவுடன் 'மாற்றியவர் யார்?' என்னும் கேள்வி எழுவது இயல்பாகிறது. தாமே எண்ணி, தாமே முடிவு செய்து, அதன் விலையையும் தாமே கொடுத்தவர்கள் செயப்படுபொருளாகிவிடுகின்றனர். 'மதம் மாறினர்' என்று எழுதியிருந்தால் அம்மக்களே எழுவாயாக நின்றிருப்பர். கட்டாயம் நிகழ்ந்த இடத்தில் 'மாற்றினர்' என்று எழுதுவதும் அதே அளவு நேர்மையாகும். சொல் ஒரு தரப்பைக் காக்க வேண்டும் என்பது நம் வாதமன்று. நடந்ததைக் காட்ட வேண்டும் என்பதே.

நம் தரப்புச் சொற்களும் இந்த ஆய்வுக்கு உட்பட்டவையே. 'தழுவினர்' என்பதில் அன்பு உண்டு; ஆனால் விட்டு வந்தது என்ன என்பது அதில் இல்லை. 'தாய்மதம் திரும்புதல்' என்று மறுதரப்பார் சொல்லும்போது 'திரும்புதல்' என்னும் வினைக்குள் ஓர் உரிமைக் கோரிக்கை ஒளிந்திருப்பதைக் கண்டு நாம் மறுக்கிறோம். அதே கண்ணால் நம் சொற்களையும் பார்க்கக் கற்க வேண்டும்.

சீர்திருத்தம் பற்றிய நம் உட்பூசல்களிலும் இது தேவை. 'பித்அத்' என்பதற்குப் 'புதுமை' என்று தமிழ் எழுதினால் இக்காலத்தில் அது புகழ்ச்சியாகிவிடும். ஆகவே அரபுச் சொல்லையே வைத்துக்கொண்டது தக்க முடிவு. 'இஸ்லாஹ்' சீர்கெட்டதைச் செப்பனிடுவது. 'தஜ்தீத்' மங்கியதை மீண்டும் புதுக்குவது. இரண்டையும் 'சீர்திருத்தம்' என்றால் கெட்டது எது, மங்கியது எது என்னும் வேறுபாடு போய்விடும். 'இன்கிலாப்' என்பதும் 'புரட்சி' என்பதும் தலைகீழாகப் புரள்வதையே குறிக்கும் வேர்களில் பிறந்தவை. அந்த வேரிலிருந்தே 'புரட்டு' என்னும் ஏமாற்றும் பிறந்தது என்பதை 'புரட்சி' என்னும் அடைமொழியைத் தாராளமாக வழங்குவோர் எண்ணிப் பார்க்கலாம்.

செய்ய வேண்டுவது

இதுவரை சொன்னவற்றிலிருந்து ஒரு பணி தெளிவாகிறது. திருக்குர்ஆனில் மாற்றத்தைக் குறிக்கும் சொற்கள் வரும் இடங்கள் அனைத்தையும் தொகுத்து, ஒவ்வோர் இடத்துக்கும் இன்றுள்ள தமிழ்ப் பெயர்ப்புகள் ஆண்ட சொற்களை எதிரெதிரே நிறுத்தி, மூன்று வினாக்களால் உரசிப் பார்க்கும் சிறு அகராதி ஒன்று நமக்கு வேண்டும். அரபுக் கல்லூரிகளில் முஃப்ரதாத் பயிலும் மாணவரும், கலைக்கல்லூரிகளில் பாவாணர் பயிலும் மாணவரும் ஒரே மேசையில் அமர்ந்தாலொழிய அது நிறைவேறாது. இன்று இவ்விரு சாராரும் ஒருவர் நூலை மற்றவர் தொடுவதில்லை. சந்தையில் மாம்பழம் விற்பவர் வெம்பலைக் கனி என்று சொன்னால் வாங்க மறுக்கும் நாம், மறைநூலின் பெயராலும் வரலாற்றின் பெயராலும் தரப்படும் சொல்லையும் அவ்வாறே கையில் எடுத்து அழுத்திப் பார்க்க வேண்டும்.